நிறுத்திய மாத்திரை திரும்பத் தொடங்கப்படாத 14 மாதங்கள்: நீரிழிவில் ரத்த அழுத்த மருந்தும் சிறுநீரகப் பாதுகாப்பும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்குச் சிறுநீரகத்தைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்ட மாத்திரை, ஓர் அவசர நிலையில் தக்க காரணத்தோடு நிறுத்தப்பட்டது. அந்தக் காரணம் நீங்கிய பிறகும் அதை யாரும் திரும்பத் தொடங்கவில்லை. அவ்வாறு தொடங்கத் தவறியவர்களில் முதல் ஆள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விலக்கப்பட்டுள்ளன. அவருடைய ஒப்புதலோடுதான் இது பதிவாகிறது.

பின்னணி

முதன்முறை எங்களிடம் வந்தபோது அவருக்கு 58 வயது. 11 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுத்துக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. மட்டும். அவரளவில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கைக்குப் பொருந்தும் பட்டையைக் கட்டி, மூன்று முறை பார்த்ததில் ரத்த அழுத்தத்தின் சராசரி 148/88 ஆக இருந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; அதன் செயல்பாடு குறைந்தால் ஏறும்) 1.1 மி.கி.; அதிலிருந்து கணக்கிட்ட, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு 78 மில்லிலிட்டர்; பொட்டாசியம் 4.3. விழித்திரையில் நீரிழிவின் தொடக்க நிலை மாற்றங்கள் தெரிந்தன.

கவனத்தை ஈர்த்தது சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 210 மி.கி. அல்புமின் என்னும் புரதம் வெளியேறிக்கொண்டிருந்தது. இந்த அளவு 30க்குக் கீழே இருப்பது இயல்பு. 300ஐத் தாண்டினால் கடுமை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகிய எதுவும் இந்த எண்ணைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும் என்பதால், ஒரே பரிசோதனையை வைத்து முடிவு செய்யாமல், தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம். 185 வந்தது. கிரியேட்டினின் இயல்பாக இருக்கும்போதே சிறுநீரகத்தின் வடிப்பான் கசியத் தொடங்கிவிட்டது என்பது அப்போது தெளிவாயிற்று.

முதல் மாத்திரையைத் தேர்ந்தெடுத்த காரணம்

ரத்த அழுத்தத்தை மட்டும் குறைப்பதென்றால் அம்லோடிபினையே 10 மி.கி.க்கு உயர்த்தியிருக்கலாம். அப்படிச் செய்யாததற்குக் காரணம் சிறுநீரகத்தின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வடிப்பானுக்குள்ளும் ரத்தம் ஒரு நுண்தமனி வழியே நுழைந்து மற்றொன்றின் வழியே வெளியேறுகிறது. ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் வெளியேறும் வழியைச் சுருக்கி, வடிப்பானுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது. நீரிழிவில் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அந்த உள்ளழுத்தம்தான் ஆண்டுக்கணக்கில் வடிப்பானைச் சிதைக்கிறது. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் ரேமிப்ரில் போன்ற மருந்துகளும், அது செயல்படும் இடத்தை அடைக்கும் லோசார்டன் போன்ற மருந்துகளும் வெளிவழியைத் தளர்த்தி உள்ளழுத்தத்தை இறக்குகின்றன. அம்லோடிபினோ உள்ளே வரும் வழியை விரிப்பது. கையில் அளக்கும் அழுத்தம் இறங்கினாலும் வடிப்பானுக்குள் அது இறங்குவதில்லை.

இது வெறும் கோட்பாடு அல்ல. 1993இல் வெளியான, ரேமிப்ரில் வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் மருந்தின் ஆய்வு, முதல் வகை நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 409 பேரிடம், கிரியேட்டினின் இரட்டிப்பாகும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் காட்டியது. 2001இல் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இரண்டு ஆய்வுகள் வந்தன. லோசார்டனைச் சோதித்த ரீனால் ஆய்வில் 1,513 பேர் பங்கேற்றனர். சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பது 28 விழுக்காடு குறைந்தது. ஐடிஎன்டி என்ற மற்றோர் ஆய்வு லோசார்டன் வகையைச் சேர்ந்த இர்பெசார்டனையும் அம்லோடிபினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. இரு பிரிவிலும் ரத்த அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டும், கிரியேட்டினின் இரட்டிப்பாவது, சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கில் இர்பெசார்டன் பிரிவில் ஆபத்து 23 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்த ஒப்பீட்டை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு. இந்த நோயாளி பின்னர் கழித்த 14 மாதங்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

முதல் 9 மாதங்கள்

ரேமிப்ரில் 2.5 மி.கி.யில் தொடங்கினோம். இவ்வகை மருந்து பொட்டாசியத்தையும் ஏற்றக்கூடும் என்பதால் இரண்டையும் பார்த்துவந்தோம். இரண்டு வாரம் கழித்துக் கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் 4.6. அளவை 5க்கும், பின்னர் 10க்கும் உயர்த்தினோம். 10 மி.கி.யில் கிரியேட்டினின் 1.3இல் நின்றது, வடிகட்டும் வீதம் 78இலிருந்து 64க்கு இறங்கியது, பொட்டாசியம் 4.8. ரத்த அழுத்தம் 136/82 என்ற நிலையிலேயே நின்றதால் நான்காம் மாதம் சிறுநீரைப் பெருக்கும் மருந்தான குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்த்தோம்; அது 126/74 ஆயிற்று. ஆறாம் மாதம் அல்புமின் அளவு 70.

கிரியேட்டினின் 1.1இலிருந்து 1.3க்குப் போனது அவரைக் கலங்கவைத்தது. "சிறுநீரகத்தைக் காக்கத்தானே இந்த மாத்திரை, பிறகு ஏன் டாக்டர் எண் ஏறுகிறது?" என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. வடிப்பானுக்குள் அழுத்தம் இறங்கினால் அது வடிக்கும் அளவும் சற்று இறங்கத்தான் செய்யும். அந்தச் சிறு இறக்கம் மருந்து வேலை செய்வதன் அடையாளம். தொடங்கிய நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினின் உயர்வு 30 விழுக்காட்டுக்குள் நின்றுவிட்டால் மருந்தைத் தொடரலாம் என்பது வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. அவருடைய கணக்கில் 1.1க்கு 30 விழுக்காடு என்பது 1.43 வரை, அவர் இருந்தது 18 விழுக்காட்டில். இதை நான் வாயால் விளக்கினேன், அவர் தலையசைத்தார். எழுதிக் கொடுக்கவில்லை. அத்துடன், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் எந்தெந்த மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பதை வாயாலும் சொல்லவில்லை.

அவசர நிலை

ஒன்பதாம் மாதம் மூட்டுவலிக்காகத் தானே வாங்கி டைக்ளோஃபெனாக் 50 மி.கி.யை நாளைக்கு இரண்டாக எடுக்கத் தொடங்கினார். அதன் மூன்றாம் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. உணவும் நீரும் சரியாக இறங்காத அந்த நாட்களிலும், மருந்தைத் தவறவிடக்கூடாது என்ற ஒழுக்கத்தோடு ரேமிப்ரில், குளோர்தாலிடோன், மெட்ஃபார்மின், டைக்ளோஃபெனாக் ஆகிய நான்கையும் விடாமல் விழுங்கினார். நாங்கள் அவருக்கு ஊட்டிய ஒழுக்கம் அது என்பதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். வயிற்றுப்போக்கின் மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டார்.

அங்கே ரத்த அழுத்தம் 92/58, கிரியேட்டினின் 2.7, பொட்டாசியம் 6.2, இசிஜியில் பொட்டாசியம் மிகுதியைக் காட்டும் உயர்ந்து கூர்ந்த அலைகள். கால்சியம் குளுக்கோனேட், குளுக்கோசுடன் இன்சுலின், ரத்த நாளம் வழியே உப்புநீர் என்று தாமதமின்றிக் கொடுத்தார்கள். நான்கு மருந்துகளையும் நிறுத்தினார்கள். அந்தச் சூழலில் ஒவ்வொரு முடிவும் சரியானது. ஆறாம் நாள் கிரியேட்டினின் 1.5க்கும் பொட்டாசியம் 4.7க்கும் இறங்கியபின் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நடந்ததன் பொறிமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பழி எதன் மேல் விழுந்தது என்பது பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகம் இரண்டு வழிகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது: புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளின் துணையோடு உள்வழியை விரித்துவைக்கிறது, ஆஞ்சியோடென்சினின் துணையோடு வெளிவழியை இறுக்குகிறது. டைக்ளோஃபெனாக் முதல் வழியை அடைத்தது. ரேமிப்ரில் இரண்டாவதை அடைத்தது. குளோர்தாலிடோன் ஏற்கெனவே குறைந்திருந்த நீரை மேலும் வெளியேற்றியது. மூன்றும் கூடி, வற்றிய உடலில், வடிப்பான் இயங்கத் தேவையான அழுத்தமே இல்லாமல் செய்துவிட்டன. ரேமிப்ரில் தனித்து இதைச் செய்யவில்லை. அந்த ஒன்பது மாதங்களில் வயிற்றுப்போக்கும் வலி மாத்திரையும் சேரும்வரை அது எந்தத் தீங்கும் செய்யவில்லை.

ஆனால் வெளியேற்றக் குறிப்பில் "ரேமிப்ரில் தவிர்க்கவும், சிறுநீரகப் பாதிப்பு" என்று ஒரே வரி இருந்தது. எத்தனை நாளைக்குத் தவிர்க்க வேண்டும், எப்போது மறுபரிசீலனை என்பது இல்லை. டைக்ளோஃபெனாக்கின் பெயரே இல்லை.

தவறிய சந்திப்பு

மூன்று வாரம் கழித்து அவர் எங்களிடம் வந்தார். கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் 4.4, ரத்த அழுத்தம் 150/88. சிறுநீரகம் மீண்டுவிட்டது. ரேமிப்ரிலைச் சிறு அளவில் திரும்பத் தொடங்க அதைவிட உகந்த நாள் வாய்த்திருக்காது. நான் தொடங்கவில்லை. வெளியேற்றக் குறிப்பிலிருந்த அந்த வரியும், 6.2 என்ற பொட்டாசியம் எண்ணும் என்னைத் தயங்கவைத்தன. நோயாளியும் "அந்த மாத்திரைதான் என் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று அங்கே சொன்னார்கள்" என்றார். அதை மறுத்துப் பேச அன்று எனக்குத் துணிவு வரவில்லை. மெட்ஃபார்மினையும் குளோர்தாலிடோனையும் திரும்பத் தொடங்கி, அம்லோடிபினை 10 மி.கி. ஆக்கி, "அதே சிகிச்சை தொடரட்டும்" என்று எழுதினேன். என்றைக்கு மறுபரிசீலனை என்று நானும் எழுதவில்லை.

அடுத்த 14 மாதங்களில் அவர் மூன்று முறை வந்தார், எல்லாம் சர்க்கரைக்காக. ஒருமுறை கிரியேட்டினின் பார்க்கப்பட்டது: 1.3. பழைய குறிப்பைப் புரட்டிய எங்கள் குழு, முன்பும் 1.3தானே இருந்தது என்று நிம்மதியடைந்தது. அது பிழையான ஒப்பீடு. முன்பிருந்த 1.3 ரேமிப்ரிலின் கீழ் இருந்த அளவு. அந்த மருந்து இல்லாமல் அவருக்குரிய அளவு 1.2 அல்லது அதற்கும் கீழ். மருந்தின் விளைவாகச் சற்றே உயர்ந்து நிலைத்த 1.3உம், மருந்தே இல்லாதபோது தானாக ஏறிவந்த 1.3உம் தாளில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், முன்னது பாதுகாப்பையும் பின்னது இழப்பையும் குறிக்கின்றன. சிறுநீர் அல்புமினைப் பார்த்திருந்தால் வேறுபாடு உடனே வெளிப்பட்டிருக்கும். அந்த 14 மாதங்களில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மறுபடி கண்டுபிடித்தது

24ஆம் மாதம் கணுக்கால் வீக்கத்துடனும், சிறுநீர் நுரைக்கிறது என்ற கவலையுடனும் வந்தார். ரத்த அழுத்தம் 138/80; பார்த்தவுடன் பதறவைக்கும் எண் அல்ல. கிரியேட்டினின் 1.4, வடிகட்டும் வீதம் 57. அல்புமின் 640.

மருந்து நிறுத்தப்பட்டு மீண்டபின் 70 ஆக இருந்த வடிகட்டும் வீதம் 14 மாதங்களில் 13 புள்ளிகள் இறங்கியிருந்தது. வயதால் இறங்குவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளிதான். ரத்த அழுத்தம் ஓரளவு கட்டுக்குள்தான் இருந்தது என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன்: அம்லோடிபின் கையில் அளக்கும் எண்ணை இறக்கியது, வடிப்பானின் கசிவை நிறுத்தவில்லை.

திரும்பத் தொடங்கும் முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொண்டோம். சிறுநீரில் ரத்த அணுக்கள் இல்லை; விழித்திரை மாற்றங்கள் முன்பிருந்தே உள்ளன; இவை நீரிழிவாலேயே சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்ற முடிவுக்குப் பொருந்தின, ஆகவே திசுப் பரிசோதனை தேவைப்படவில்லை. ஸ்கேனில் இரு சிறுநீரகமும் ஒரே அளவில் இருந்தன, அடைப்பு இல்லை. இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியிருப்பவருக்கு இவ்வகை மருந்து கிரியேட்டினினைத் திடீரென உயர்த்திவிடும் என்பதால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்து, அங்கும் குறுகல் இல்லை என்று உறுதிசெய்தோம். ரத்தத்தில் அல்புமின் குறைந்தாலும் கால் வீங்கும்; அவருக்கு அது இயல்பாக இருந்தது. எனவே கால் வீக்கத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி.யே பெரும்பாலும் காரணம் என்று கருதினோம்.

திரும்பத் தொடங்கிய முறை

முதலில் பேச்சு. அவரையும் அவருடைய மகளையும் ஒன்றாக உட்காரவைத்து, இரண்டு ஆண்டு எண்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிக் காட்டினேன்: மருந்து இருந்தபோது 185 என்ற அல்புமின் 70க்கு இறங்கியதையும், மருந்து இல்லாதபோது 640க்கு ஏறியதையும். மூன்று வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டியதைத் தொடங்காமல் விட்டது என் தவறு என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இனி ஒரு மாத்திரையை நிறுத்தினால் எத்தனை நாளைக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார். இன்று எங்கள் நடைமுறையில் இருக்கும் மாற்றம் அந்த வாக்கியத்திலிருந்து வந்தது.

ரேமிப்ரிலுக்குப் பதில் லோசார்டனைத் தேர்ந்தோம். இரண்டாம் வகை நீரிழிவில் இந்த அளவு அல்புமின் கசியும் நிலைக்கு நேரடி ஆய்வுச் சான்று அதற்கு இருப்பது ஒரு காரணம். ரேமிப்ரில் என்ற பெயரே அவருக்கு அச்சமூட்டியது மற்றொரு காரணம். லோசார்டனால் பொட்டாசியம் ஏறாது என்று நாங்கள் எண்ணவில்லை, அவரிடமும் அப்படிச் சொல்லவில்லை. அல்புமின் இவ்வளவு உயர்ந்திருக்கிறதே, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று குழுவில் ஓர் இளம் மருத்துவர் கேட்டார். கூடாது. 2008இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் லோசார்டன் வகையைச் சேர்ந்த டெல்மிசார்டனும் ரேமிப்ரிலும் சேர்ந்தபோது அல்புமின் குறைந்தும் சிறுநீரகப் பாதிப்பு கூடியது. நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகள் 1,448 பேரிடம் லோசார்டனுடன் ரேமிப்ரில் வகையைச் சேர்ந்த லிசினோப்ரிலைச் சேர்த்துப் பார்த்த நெஃப்ரான்-டி ஆய்வு, பொட்டாசியம் மிகுதியும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. ஒன்றை மட்டும், தாங்கும் அளவில் உச்சம் வரை கொடுப்பதே முறை.

25 மி.கி.யில் தொடங்கி, ஒவ்வோர் உயர்வுக்கும் இரண்டு வாரம் கழித்துக் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்து, 50க்கும் 100க்கும் போனோம். அம்லோடிபினை 5 மி.கி. ஆக்கினோம், கால் வீக்கம் பெருமளவு வடிந்தது. லோசார்டன் 100 மி.கி.யில் கிரியேட்டினின் 1.6, அதாவது 14 விழுக்காடு உயர்வு, பொட்டாசியம் 5.2.

இந்த 5.2தான் எங்களுக்கு அடுத்த சோதனை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்திருந்தால் மாத்திரையை அன்றே நிறுத்தியிருப்போம். இம்முறை நிறுத்தவில்லை, பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். சோடியம் குறைந்த மாற்று உப்பைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறேன், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று படித்தேன் என்றார். அவ்வகை உப்பில் சோடியத்துக்கு ஈடாகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் சீராக உள்ளவருக்கு அது நல்லதே செய்யும், ஆனால் வடிகட்டும் வீதம் குறைந்து, இவ்வகை மருந்தும் எடுப்பவருக்கு ஆபத்து. வழக்கமான உப்பையே குறைத்துப் பயன்படுத்தச் சொன்னோம். இரண்டு வாரத்தில் பொட்டாசியம் 4.8 ஆயிற்று, மாத்திரை அதே அளவில் தொடர்ந்தது.

27ஆம் மாதம் அல்புமின் 410. அன்று, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்தான டபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்த்தோம். லோசார்டனுடன் சேர்த்து ஒரே நாளில் தொடங்காததற்குக் காரணம், இதுவும் தொடக்கத்தில் வடிகட்டும் வீதத்தைச் சற்று இறக்கும். இரண்டும் ஒருங்கே தொடங்கினால் எந்த இறக்கம் எதனால் என்று பிரித்தறிய முடியாது. இது வடிப்பானின் உள்வழியைச் சுருக்கி உள்ளழுத்தத்தை மற்றொரு பக்கத்திலிருந்து குறைக்கிறது. அதே வகை மருந்தான கானாக்ளிஃப்ளோசினைச் சோதித்து 2019இல் வெளியான கிரெடென்ஸ் ஆய்விலும், டபாக்ளிஃப்ளோசினைச் சோதித்து 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்விலும், பெரும்பாலானோர் ஏற்கெனவே ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்தில் இருந்தபடியே, சிறுநீரகம் சார்ந்த முதன்மை விளைவுகள் முறையே 30, 39 விழுக்காடு குறைந்தன. பொட்டாசியம் கடுமையாக ஏறும் ஆபத்தையும் இவ்வகை மருந்துகள் ஓரளவு குறைப்பது இவருக்குக் கூடுதல் நன்மை. சர்க்கரை தாழ்ந்துவிடாமலிருக்க கிளிமெபிரைடை 2 மி.கி.யிலிருந்து 1 ஆக்கினோம். நான்கு வாரத்தில் கிரியேட்டினின் 1.7, வடிகட்டும் வீதம் 46. அதற்கேற்ப மெட்ஃபார்மினை நாளைக்கு 1,000 மி.கி.யாகக் குறைத்தோம்.

1.4இலிருந்து 1.7 என்பது மொத்தத்தில் 21 விழுக்காடு உயர்வு. ஆய்வகத் தாளில் அந்த எண்ணின் அருகே குறியிட்டிருந்தார்கள். இம்முறை அவர் பதறவில்லை. அந்த எண் எதுவரை போகலாம் என்பது நாங்கள் தந்து அவர் கையிலிருந்த அட்டையில் எழுதியிருந்தது.

அட்டையும் இரண்டாம் வயிற்றுப்போக்கும்

அந்த அட்டையில் நான்கு செய்திகள் மட்டும் இருந்தன. வாந்தி, வயிற்றுப்போக்கு, உணவும் நீரும் இறங்காத காய்ச்சல் ஆகியவற்றில் லோசார்டன், குளோர்தாலிடோன், டபாக்ளிஃப்ளோசின், மெட்ஃபார்மின் ஆகிய நான்கையும் நிறுத்திவைத்து, அன்றே எங்களை அழைக்க வேண்டும், இயல்பாக உண்டு பருகத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பத் தொடங்க வேண்டும், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தானே வாங்கி எடுக்கக்கூடாது, கிரியேட்டினின் 1.8 வரை போனால் எதிர்பார்த்ததே, அதற்கு மேல் என்றால் உடனே வர வேண்டும். நிறுத்தும் காரணம் நான்குக்கும் ஒன்றல்ல: டபாக்ளிஃப்ளோசினை உண்ணாத நாட்களில் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம், மெட்ஃபார்மினால் லாக்டிக் அமிலம் சேரலாம். அட்டையில் காரணங்களை எழுதவில்லை. நோயுற்ற நாளில் யாரும் விளக்கம் படிப்பதில்லை.

32ஆம் மாதம் மறுபடி வயிற்றுப்போக்கு வந்தது. மகள் முதல் நாளே அழைத்தார். அட்டையில் உள்ளபடி நான்கையும் நிறுத்திவைத்திருந்தார்கள். மறுநாள் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.8, பொட்டாசியம் 4.9, ரத்த அழுத்தம் 112/70. வாய்வழி நீர்மக் கரைசலே போதுமானதாக இருந்தது. நான்காம் நாள் இயல்பாக உண்டார். ஆறாம் நாள் நான்கு மாத்திரைகளும் திரும்பத் தொடங்கின. ஒரு வாரம் கழித்துக் கிரியேட்டினின் 1.6. முதல் முறை ஆறு நாள் மருத்துவமனையும் 14 மாத இழப்புமாக முடிந்த அதே வகை நோய் இம்முறை வீட்டிலேயே தீர்ந்தது. நோயின் கடுமை இரண்டு முறையும் ஒன்றல்ல என்பதையும், வலி மாத்திரை இம்முறை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அட்டை ஒன்றுக்கே முழுப் பெருமையையும் தந்துவிட முடியாது.

39ஆம் மாத நிலை

ரத்த அழுத்தம் 126/74. கிரியேட்டினின் 1.6, வடிகட்டும் வீதம் 49. தொடக்க இறக்கத்துக்குப் பிறகு ஓராண்டாக அது மேலும் இறங்கவில்லை. பொட்டாசியம் 4.8. அல்புமின் 190.

கசிவு இன்னும் மிச்சமிருப்பதால், சிறுநீரகத்தைக் காத்தாலும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஃபைனரினோன் என்ற மருந்தைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் வகை நீரிழிவோடு சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு அதன் பயனை 2020இல் வெளியான ஃபிடெலியோ ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஆய்வில் சேர்வதற்கான பொட்டாசியம் வரம்பே 4.8, இவர் அந்த விளிம்பில் இருக்கிறார், ஒருமுறை 6.2 வரை போனவர். அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளில் பொட்டாசியம் 4.8ஐத் தாண்டாமல் இருந்தால் சிறு அளவில் தொடங்கலாம் என்பது இப்போதைய முடிவு.

இழந்த 13 புள்ளிகள் திரும்பவில்லை. 24ஆம் மாதத்தில் இருந்ததைவிட இன்று வடிகட்டும் வீதம் எண்ணளவில் குறைவுதான். அது மருந்துகளின் எதிர்பார்த்த விளைவு என்றாலும், மூன்றாம் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் இன்று இவர் மேலான எண்ணில் நின்றிருப்பார் என்றே நம்புகிறேன். ஒரே நோயாளியை வைத்து அதை நிறுவ இயலாது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

இவ்வகை மருந்தைத் தொடங்கும் நாளிலேயே அட்டை தரப்படுகிறது. அவசர நிலை வந்தபின் அல்ல. வலி மாத்திரை பற்றிய கேள்வி ஒவ்வொரு சந்திப்பிலும் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது, ஏனெனில் "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் தானே வாங்கிய வலி மாத்திரையை யாரும் மருந்தாகக் கருதிச் சொல்வதில்லை.

கிரியேட்டினினைப் பதியும்போது, அன்று ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்து இருந்ததா, எந்த அளவில் என்பதையும் அதே வரியில் எழுதுகிறோம். இந்த ஒரு சிறு பழக்கம் இருந்திருந்தால் இரண்டு 1.3களையும் குழப்பியிருக்க மாட்டோம். அல்புமின் பரிசோதனையைச் சர்க்கரைப் பரிசோதனையோடு இணைத்து, ஒருமுறை கசிவு கண்டவருக்கு ஆண்டில் குறைந்தது இரண்டு முறை பார்க்கிறோம்.

வெளியேற்றக் குறிப்பில் "தவிர்க்கவும்" என்றிருந்தால், அனுப்பிய மருத்துவரை அழைத்து அது எத்தனை நாளைக்கு என்று கேட்கிறோம். நாங்கள் எழுதும் குறிப்புகளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "இந்தக் காரணத்துக்காக நிறுத்திவைக்கப்பட்டது, இந்த நாளில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துத் திரும்பத் தொடங்குவது குறித்து முடிவு செய்யவும்" என்று எழுதுகிறோம். வடிகட்டும் வீதம் 30க்கும் கீழே போனவர்களிடம்கூட இம்மருந்தை நிறுத்துவதால் சிறுநீரகச் செயல்பாடு மேம்படுவதில்லை என்பதை, 411 பேரைக் கொண்டு 2022இல் வெளியான ஸ்டாப்-ஏசிஇ ஆய்வு காட்டியிருக்கும் நிலையில், 1.2 என்ற கிரியேட்டினினோடு என் முன் அமர்ந்திருந்தவருக்கு அதைத் தராமல் விட்டதற்குச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. திரும்பத் தொடங்கக்கூடாது என்று முடிவெடுத்தால், முகமும் நாக்கும் வீங்கும் பக்கவிளைவு, கருவுற்றிருத்தல், தமனிக் குறுகல், பொட்டாசியத்தை எவ்வகையிலும் இறக்க முடியாமை என்பன போன்ற காரணம் பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். "முன்பு ஒருமுறை கிரியேட்டினின் ஏறியது" என்பது எங்கள் படிவத்தில் காரணமாக ஏற்கப்படுவதில்லை.